விடியலில் புளிக்கும் இலை

எங்கள் வீட்டில் யாரும் காசு கொடுத்துச் செடி வாங்கியதில்லை. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் செடிகள் வீட்டுக்கு வீடு தாமாகவே வந்து சேரும். கனகாம்பர விதை ஒரு வீட்டிலிருந்து, டேபிள் ரோஸ் தண்டு ஒரு வீட்டிலிருந்து, மருதாணிக் குச்சி பின்வரிசை வீட்டிலிருந்து. ரணகள்ளி மட்டும் அப்பாயியின் முந்தானை முடிச்சில் வந்தது. குளித்தலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியவள், வெற்றிலை பாக்கோடு முடிந்து வைத்திருந்த ஓர் இலையை எடுத்தாள். காம்பில் தையல் நூலைக் கட்டி, தினசரி காலண்டர் மாட்டியிருந்த ஆணியிலேயே தொங்கவிட்டாள். மண் கிடையாது, தண்ணீர் கிடையாது.

"கட்டிப்போட்டா குட்டி போடும். பாத்துக்கிட்டே இரு பாப்பா."

அந்தச் செடிக்கு எங்கள் பக்கத்தில் இன்னொரு பேரே அதுதான். தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழிப்பது என் வேலை என்பதால், தினமும் அந்த இலை என் கண்ணுக்கு நேரே இருந்தது. உள்ளங்கை நீளம். சதைப்பிடிப்பான, மினுமினுப்பில்லாத பச்சை. ஓரமெல்லாம் வெட்டு வெட்டாக இருக்கும்; அந்த ஓரத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு செங்கருப்புக் கோடு ஓடும். முதல் சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெட்டுப் பள்ளங்களில் ஊசிமுனையளவுக்கு ஏதோ தடித்தது. இரண்டு நாள் கழித்து அந்தத் தடிப்பிலிருந்து வெள்ளையாக ஒரு மயிரிழை நீண்டிருந்தது. அது வேர். பிறகு எதிரும் புதிருமாக இரண்டு துளி இலைகள். அப்புறம் அதற்கு மேலே இன்னும் இரண்டு. ஒரு பள்ளத்தில் தொடங்கியது மற்ற பள்ளங்களுக்கும் பரவி, ஒரே இலையின் ஓரத்தில் ஒரு வரிசைக் குட்டிச்செடிகள் அந்தரத்தில் நின்றன. குட்டிகள் பெருக்கப் பெருக்கத் தாய் இலை மெலிந்தது. சதை வற்றி, மஞ்சளாகி, கடைசியில் வெறும் தோலாகத் தொங்கியது. தண்ணீரும் சாப்பாடும் எங்கிருந்து வந்தன என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

செடியிலேயே இருக்கும் இலை இப்படிக் குட்டி போடுவது அபூர்வம். தாய்ச்செடியோடு ஒட்டியிருக்கும்வரை, செடிக்குள் ஓடும் ஹார்மோன்கள் அந்தப் பள்ளங்களில் இருக்கும் மொட்டுகளைத் தூங்கவைத்திருக்கும். இலை கிள்ளப்பட்டதும் அந்தக் கட்டு விட்டுப்போகிறது. இதெல்லாம் பின்னால் படித்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பறித்தால்தான் பிழைக்கும்.

எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு மயிலிறகு வைத்திருந்தோம். புத்தகத்துக்குள் வைத்து, பென்சில் சீவலைத் தீனியாகத் தூவி, வெளிச்சம் படாமல் மூடி, குட்டி போடும் என்று காத்திருந்தோம். யாருடைய மயிலிறகும் போடவில்லை. நான் வரலாறு புவியியல் நோட்டுக்குள் ஒரு ரணகள்ளி இலையை வைத்தேன். அசோகர் பக்கத்தில் பச்சைக் கறை பிடித்துத் தாள் ஊறிப்போனது. ஆனால் தாளுக்கும் தாளுக்கும் நடுவில், நசுங்கி வெளுத்த வேர்களோடு, குட்டிகள் வந்திருந்தன. வகுப்பே என் பெஞ்சைச் சுற்றி நின்றது. அன்று மாலைக்குள் அந்த இலை துண்டு துண்டாகப் பங்கு போடப்பட்டு எங்கள் தெருவின் பாதி வீடுகளுக்குப் போய்விட்டது.

அப்பாயி செடி வைக்கும் முறையை நான் இன்றுவரை மாற்றவில்லை. டால்டா டின்னின் அடியில் ஆணி வைத்து அடித்து ஓட்டைகள் போடுவாள். ஓட்டை அடைபடாதபடி உடைந்த ஓட்டுச் சில்லுகளைக் கவிழ்த்துப் பரப்புவாள். அதன்மேல் செம்மண்ணும் காவிரி மணலும் பாதிக்குப் பாதி. கைப்பிடி மக்கிய எரு. குட்டியைத் தாய் இலையிலிருந்து பிரிக்காமல் இலையோடே மண்மேல் படுக்கவைத்து, பறக்காமலிருக்க ஒரு கூழாங்கல்லை வைப்பாள். வேர் தானாக மண்ணைத் தேடி இறங்கும். தண்ணீர் விஷயத்தில் அவளுக்கு நாள் கணக்கெல்லாம் இல்லை. அடி இலை ஒன்றை இரண்டு விரலால் அமுக்கிப் பார்ப்பாள். விறைப்பாக இருந்தால் சொம்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த டின்னுக்குப் போய்விடுவாள். கொஞ்சம் தளர்ந்து, விரலுக்கு இடம் கொடுத்தால் அடி ஓட்டை வழியாக ஒழுகும்வரை ஊற்றுவாள். நுனிநாக்கை நனைக்கிற மாதிரித் தினமும் தெளிப்பது அவளுக்குப் பிடிக்காது. "குடுத்தா வயிறாரக் குடு, இல்லாட்டி சும்மா விடு" என்பாள்.

ஐப்பசி மழைதான் அதற்கு எமன். திருச்சி வெயிலை அந்தச் செடி சட்டை செய்யாது. இலை ஓரம் சிவக்கும், அவ்வளவுதான். விடாமல் இரண்டு நாள் தூறினால் தண்டின் அடி கறுத்துக் கொழகொழத்துவிடும். மழைக்காலம் தொடங்கும் முன்பே டின்களையெல்லாம் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்திவிடுவோம். அப்படியும் ஒன்று அழுகினால், அழுகலுக்கு ஒரு சாண் மேலே நல்ல தண்டாகப் பார்த்து வெட்டி, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை நிழலில் சும்மா போட்டுவைத்து, பிறகுதான் மணலில் குத்துவாள். உடனே நட்டால் வெட்டுவாய் வழியாகவே மறுபடி அழுகல் ஏறும்.

செடி வளர்ந்தபோது நான் கவனித்த ஒன்றை இன்னும் ரசிக்கிறேன். இளஞ்செடியில் இலைகள் தனித்தனி. செடி இடுப்புயரம் வந்ததும் புது இலைகள் ஒரே காம்பில் மூன்றாகப் பிரிந்து வரும். இன்னும் மேலே ஐந்தாக. ஒரே தண்டில் கீழே குழந்தை இலை, மேலே பெரியவர்கள் இலை. அப்பாயியிடம் காட்டினேன். "வயசு ஏறுதுல்ல" என்றாள்.

இனி, புளிப்பு.

பொன்மலை வாழ்க்கையை நடத்தியது ஒர்க்‌ஷாப் சங்குதான். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனையை 1928-ல் இங்கே கொண்டுவந்தார்கள். அதைச் சுற்றித்தான் எங்கள் ஊரே வரிசை வரிசையாக முளைத்தது. காலைச் சங்குக்கு அப்பா சைக்கிளை எடுப்பார். மதியச் சங்குக்குச் சாப்பிட வருவார். சாயங்காலச் சங்குக்குப் பிறகு தெரு முழுக்க சைக்கிள் மணி. வீட்டில் கடிகாரம் நின்றுபோனாலும் ஒருவரும் பதறியதில்லை.

ஒருநாள் காலைச் சங்குக்கு முன்னால், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அப்பாயி ரணகள்ளி இலையில் நகத்தளவு கிள்ளி என் வாயில் வைத்தாள். புளிச்சக்கீரைப் புளிப்பு. கண்ணைச் சுருக்கினேன். "இதையே மத்தியானம் தின்னு பாரு" என்றாள். மதியச் சங்கு ஊதியதும் பின்பக்கம் ஓடி, அதே செடியில், அதே இலையின் மறுபாதியில் கிள்ளி வாயில் போட்டேன். புளிப்பே இல்லை. சப்பென்று, பச்சைத்தண்ணீரை மென்ற மாதிரி. மறுநாள் விடியலில் மறுபடி புளித்தது. கோடை விடுமுறையில் நானும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் சங்குக்குச் சங்கு கிள்ளித் துப்பிக்கொண்டிருந்தோம். சாயங்காலச் சங்குக்கு லேசாகக் கசந்தது. எந்தச் செடியில் கிள்ளினாலும் இதே கதைதான். "ராத்திரியில யாரு வந்து புளி கரைச்சு ஊத்துறா?" என்று கேட்டேன். "அதேதான் கரைச்சுக்குது" என்றாள் அப்பாயி. அவள் சொன்னது எவ்வளவு சரி என்று தெரியவர எனக்குக் கல்லூரி வரை ஆனது.

தாவரவியல் ஆய்வகத்தில் விடியலில் பறித்த இலையையும் மதியம் பறித்த இலையையும் தனித்தனியே அரைத்துச் சாறெடுத்தோம். சொட்டுச் சொட்டாகக் காரக்கரைசலை விட்டு, சாறு இளஞ்சிவப்பாக மாறும்வரை எண்ணினோம். காலைச் சாறு நிறைய சொட்டு கேட்டது. மதியச் சாறு சட்டென்று சிவந்தது. நாக்கில் ஏற்கெனவே தெரிந்திருந்ததைக் கண்ணாடிக்குழாயில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பக்கத்து மேசைத் தோழிக்கு விளங்கவில்லை.

நடப்பது இதுதான். செடி உணவு தயாரிக்கக் கரியமில வாயு வேண்டும். அதை இழுத்துக்கொள்ள இலையின் நுண்துளைகளைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே போய்விடும். கத்திரி வெயிலில் எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னல்களைப் பகலெல்லாம் அடைத்துவைத்து, ராத்திரி காற்று குளிர்ந்ததும் திறந்துவிடுவோமே, ரணகள்ளியும் அதைத்தான் செய்கிறது. துளைகளை இரவில் திறக்கிறது. வந்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி இலைச்சதையில் சேமிக்கிறது. ஆப்பிளுக்குப் புளிப்பு தருகிற அதே அமிலம். விடிந்ததும் துளைகளை மூடிவிட்டு, சேமித்த அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்து, வெயிலை வைத்துச் சர்க்கரையாக்குகிறது. மதியத்துக்குள் கையிருப்பு தீர்ந்துவிடும், புளிப்பும் போய்விடும். சப்பாத்திக்கள்ளி, கற்றாழை, அன்னாசி எல்லாம் இந்த ராத்திரி வேலைக்காரர்கள்தான்.

இந்தப் புளிப்பை முதன்முதலில் அறிவியல் உலகத்துக்கு எழுதி அனுப்பியவர் பெஞ்சமின் ஹைன். ஜெர்மனியின் சாக்சனியில் பிறந்து, 1792-ல் மொராவியச் சபையின் ஊழியராக நம் தரங்கம்பாடிக்கு வந்தவர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகி, பெங்களூர் லால்பாகையும் கவனித்துக்கொண்டார்; 1819-ல் சென்னையில் இறந்தார். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, மதியம் ருசியற்றுப்போகிறது, மாலையில் கசக்கிறது என்று அவர் எழுதிய கடிதத்தை லண்டன் லின்னியன் சங்கம் 1815-ல் அச்சிட்டது. கருவி ஏதும் இல்லாமல், நாக்கை மட்டும் நம்பி எழுதிய கடிதம். அதைப் படித்தபோது அவர் எனக்கு அந்நியராகத் தெரியவில்லை. எங்கள் பின்கட்டில் சங்குக்குச் சங்கு கிள்ளித் துப்பிய கூட்டத்தில் ஒருவராகத்தான் தெரிந்தார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இது ஆதிகாலத்துத் தமிழ் மூலிகை என்று சிலர் பெருமை பேசுகிறார்கள். இதன் சொந்த ஊர் மடகாஸ்கர். இங்கே வந்து குடியேறிய செடி. ஆனால் எந்த நேரத்தில் என்ன ருசி என்று சொல்லும் அளவுக்கு நம் பாட்டிமார் அதோடு நெருங்கிப் பழகியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம்தான் பெரிது. வைமரில் முதுமைக் காலத்தில் கவி கதே இதே செடியை ஆசையாக வளர்த்து, குட்டி விட்ட இலைகளை நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். செடியின் எல்லா உறுப்புகளும் இலையின் மாற்று வடிவங்களே என்று 1790-லேயே புத்தகம் எழுதியவர் அவர். ஓர் இலையே முழுச்செடியாவதைப் பார்த்து எப்படிப் பூரித்திருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஜெர்மனியில் இதைக் கதே செடி என்றே சொல்கிறார்கள்.

கட்டிக்கு இலையை வாட்டி வைத்துக் கட்டுவது எங்கள் வீட்டில் உண்டு. சிறுநீரகக் கல்லுக்குத் தினமும் இலை தின்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்கு நான் யாரையும் தூண்டமாட்டேன். இந்த இனச் செடிகளில் இதயத் துடிப்பைப் பாதிக்கும் நச்சுப்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இவற்றை மேய்ந்த மாடுகள் செத்திருக்கின்றன. நகத்தளவு கிள்ளித் துப்பியது வேறு, மருந்தென்று விழுங்குவது வேறு.

மாவுப்பூச்சி இலைக்கக்கத்தில் பஞ்சாக அப்பும். வேப்பெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போச்சு. அதைவிட எனக்குச் சொல்லப் பிடித்தது இலைக்குள் குடியிருந்த புழு. ஒரு கார்த்திகையில் இலைகளில் வெளுப்பாகத் திட்டுகள் தோன்றின. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். இலையின் மேல்தோலும் கீழ்த்தோலும் அப்படியே இருக்க, நடுவிலிருந்த சதை மட்டும் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. அந்த இரண்டு தோலுக்கும் இடையில் வெளிர் மஞ்சளாக ஒரு புழு தலையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டித் தின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் கறுப்பு எச்சம் மணல் மணலாகக் குவிந்திருந்தது. வெயில் படாது, காக்கை கொத்தாது. வீடும் அதுவே, சோறும் அதுவே. அம்மா டின்னோடு தூக்கிப் போடச் சொன்னாள். அப்பாயி விடவில்லை. "நமக்குத்தான் எலைக்கு ஒண்ணுன்னு செடி வருதே, திங்கட்டும்" என்றாள். ஓர் இலை முடிந்ததும் புழு தோலைத் துளைத்து வெளியே வந்து அடுத்த இலைக்குள் நுழைந்தது. பிறகு ஒருநாள் காணோம். தேடியதில், அடி இலையின் பின்புறம் மயிரடர்ந்த, கறுப்புப் புள்ளிகளோடு கூடிய கூட்டுப்புழுவாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்துக்கு மேல் காத்திருந்தேன். கறுப்பு இறக்கை, பின்னிறக்கையில் செங்கல் சிவப்பாக ஒரு பட்டை, மூடினால் அடிப்புறம் வெள்ளையில் கறுப்புப் பொட்டுகள். உயரப் பறக்கத் தெரியாமல் டின்களை ஒட்டியே தத்தித் தத்திப் பறந்தது. ரெட் பியரோ என்ற அந்தப் பட்டாம்பூச்சிக்கு ரணகள்ளியும் அதன் உறவுச் செடிகளும்தான் தாய்வீடு. இன்று யாராவது ரணகள்ளி இலையில் வெள்ளைத்திட்டு என்று மருந்து கேட்டால், முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

பூவைப் பற்றிச் சொல்லாவிட்டால் குறை. தை பிறந்ததும் உச்சியிலிருந்து நீளத் தண்டு கிளம்பி, ஊதிய குழல்களாகப் பூக்கள் தலைகீழாகத் தொங்கும். வெளியுறை பச்சையில் சிவப்புப் படர்ந்திருக்கும். உள்ளே செம்பூ எட்டிப் பார்க்கும். சொடக்குத் தக்காளி கிடைக்காத நாளில் இந்த மொக்குகளை நெற்றியில் வைத்து உடைப்போம். டப்பென்று வெடிக்கும். ஆனால் எல்லா டின்னும் பூப்பதில்லை. முன்வாசல் சுவரில், தெருவிளக்குக் கம்பத்துக்கு நேர் கீழே இருந்தது மட்டும் இலையாகவே வளர்ந்தது. எருவும் தண்ணீரும் ஒன்றுதான். அப்பாயி அதைத் தூக்கி, இருட்டாக இருக்கும் பின்கட்டில் வைத்தாள். "ராவெல்லாம் வெளக்கு எரிஞ்சா அதுக்கு எப்புடி ராத்திரின்னு தெரியும்?" அடுத்த தையில் அதுவும் பூத்தது. ரணகள்ளிக்கு முதலில் நீண்ட பகல்களும் பிறகு நீண்ட இரவுகளும் அந்த வரிசையில் கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். நடுவே வெளிச்சம் பட்டால் செடியின் கணக்கு குழம்பிவிடும்.

இப்போது சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். நர்சரிகளில் ரணகள்ளியின் தங்கை ஒன்றைக் கலாஞ்சோ என்று விற்கிறார்கள். கையடக்கத் தொட்டியில், தலை கொள்ளாமல் சிவப்பும் மஞ்சளுமாகப் பொடிப்பூ. இதுவும் மடகாஸ்கர்க்காரிதான். பாட்ஸ்டாம் நகரத்து நர்சரிக்காரர் ராபர்ட் ப்ளாஸ்ஃபெல்ட் 1932-ல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். உலகம் முழுக்க வீட்டுக்குள் வைக்கும் செடியாகிவிட்டது. பூ முடிந்ததும் திரும்பப் பூப்பதில்லை என்று பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. வீட்டுக்குள் பாதி ராத்திரி வரை ட்யூப்லைட் எரிகிறது. அது எப்படிப் பூக்கும்?

போன வருஷம் எங்கள் மாடிப்படி ஓரம் கிடந்த ஒரு தொட்டியை எடுத்துவந்தேன். காய்ந்த பூத்தண்டுகளைக் கிள்ளி, நீர் தேங்கியிருந்த மண்ணை உதறி, மணல் கலந்து மாற்றி நட்டேன். ஐப்பசிக் கடைசியிலிருந்து தினமும் பொழுது சாய்ந்ததும் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடி, காலையில் எட்டு மணிக்குத் திறந்தேன். மார்கழி முடிவதற்குள் இலைக்கொத்துகளின் நடுவில் பச்சை மொட்டுகள். தையில் தொட்டி முழுக்கச் சிவப்பு.

எதிர் வீட்டு அம்மா பார்த்துவிட்டு நின்றார். "ஏங்க, இது நான் தூக்கிப்போட்டதுதானே?"

"அதுதாங்க. எடுத்துக்கிட்டுப் போங்க."

"திரும்ப எங்க வீட்ல வச்சா பூக்குமா?"

ஆறு வாரம், தினமும் பதினாலு மணி நேரம் இருட்டு, நடுவில் ஒரு தடவைகூட விளக்கு காட்டக் கூடாது, தண்ணீர் இலையை அமுக்கிப் பார்த்துத்தான் என்று சொன்னேன். அவர் அப்போதே கைபேசியில் அடுத்த ஐப்பசிக்கு நினைவூட்டல் வைத்தார். தொட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து அட்டைப்பெட்டியையும் கேட்டு வாங்கிப்போனார்.